ஆறாவது கலவை

அக்டோபர் 27, திங்கள்

பெரிய சூளை இனி எரியாது. உள்வளைவு இடிந்ததிலிருந்து "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்த சூளை முதலாளி, திரும்பக் கட்டுகிற எண்ணமில்லை என்று இன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார். விருத்தாசலத்தில் எங்களைப் போலச் சொந்தச் சூளை இல்லாத பட்டறைக்காரர்கள் எல்லாம் கப்பும் ஜாடியும் அங்கேதான் வாடகைக்குச் சுட்டுவந்தோம். என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் அங்கே சூளை எரிப்பவர். ஆக, ஒரே நாளில் எனக்குச் சூளை போனது, இவருக்கு வேலை போனது. மனிதர் வந்தார், கால் கழுவினார், "கொழம்புல புளி தூக்கல்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். தலையில் இடி விழுந்தாலும் துடைத்துக்கொண்டு போகிற பிறவி.

வங்கியில் கொடுத்த டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. மண்கலவைக் கணக்கு எழுதலாம் என்று எடுத்தேன். முதல் பக்கமே புருஷன் புராணமாகிவிட்டது.

அக்டோபர் 31, வெள்ளி

கையில் இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டுப் பழைய மின்சூளை ஒன்று வாங்கினோம். சென்னையில் மண்பாண்ட வகுப்பு நடத்திய ஓர் அம்மாவுடையது. பீரோ அளவு இருக்கிறது. கொண்டுவந்து இறக்கிய ஆள், "1200க்கு மேல ஏத்தாதீங்க. சூடேத்துற காயில் கம்பி அறுந்து போயிடும்" என்று இரண்டு தடவை சொன்னான். இவர் தலையாட்டினார். நானும் கேட்டுக்கொண்டேன்.

சங்கடம் இதுதான். நாங்கள் செய்வது போர்சலின் கப்பு. அந்த மண் வேக 1280 டிகிரி வேண்டும். வெந்தால் உள்ளே கண்ணாடியாக இறுகி ஒரு சொட்டு நீரைக் குடிக்காது. அதையே 1180ல் இறக்கினால் பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே வெறும் சுண்ணாம்புக்கட்டி. டீ ஊற்றினால் நமக்கு முன்னால் கப்பு குடித்துவிடும். சூளையை ஏற்ற முடியாது, ஆகவே மண்ணைத்தான் இறக்க வேண்டும். 1180லேயே வேகிற மாதிரி கலவையை மாற்ற வேண்டும். செராமிக் டிப்ளமா படித்துவிட்டு இத்தனை வருஷம் கப்புக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

மோர்பியிலிருந்து சிவக்கொழுந்து போன் செய்தார். பெரிய சூளையில் இவரோடு வேலை பார்த்துவிட்டுக் குஜராத்துக்குப் போனவர். அங்கே டைல்ஸ் கம்பெனியில் சூளைக்கு ஆள் எடுக்கிறார்களாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. பொங்கல் முடிந்ததும் வந்துவிடச் சொல்கிறார்.

"நீ என்னா சொல்ற?" என்று இவர் கேட்டார்.

"நான் என்னாத்த சொல்றது? போறவங்கள கயிறு போட்டா கட்ட முடியும்?"

"மண்ணு சரியா வந்துட்டா போவல."

"வரலன்னா?"

 எழுந்து போய்ப் பைக்கைத் துடைத்தார்.

கல்யாணமான மறுவருஷம் சவுதிக்குப் போனவர் இவர். ஆறு வருஷம். திரும்பி வந்தபோது இவருக்குக் காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று எனக்கு மறந்துபோயிருந்தது. பிள்ளை பிறந்திருக்க வேண்டிய வருஷங்கள் அவை. அதன் பிறகு வைத்தியம், கோயில், ஒன்றும் பலிக்கவில்லை. இனிமேல் எங்கேயும் போவதில்லை என்று மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று அப்போது சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

இப்போது போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. பட்டறையில் அச்சு தூக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் இரண்டு கலவையும் தயார். மண்ணை உருக்கி இறுக்குவது பெல்ஸ்பார் என்கிற கல்மாவு. அதைக் கூட்டினால் வேகும் சூடு குறையும். ஒரேயடியாகக் கூட்டினால் கப்பு நிற்காமல் துவண்டுவிடும். சாதத்துக்குத் தண்ணீர் வைக்கிற கணக்குத்தான், ஆனால் மூடியைத் திறந்து பார்க்க வழியில்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கலப்பது, அச்சில் ஊற்றுவது, பளபளப்புக்குக் கிளேஸ் பூசுவது நான். எரிப்பது இவர். சூளை 1100ஐத் தாண்டுகிற நேரத்துக்கு நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இவர் 1180 வந்ததும் அணைத்துவிட்டு வருவார்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டும் தேறவில்லை. கப்பை உடைத்து, உடைந்த விளிம்பில் மை வைத்துக் கழுவினேன். வெந்த மண்ணாக இருந்தால் மை கழுவியதும் போய்விடும். இது அப்படியே ஊதாவாக நின்றது.

"மொத தடவதான?" என்றார் இவர்.

இந்த மாதிரிச் சமாதானத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நவம்பர் 15, சனி

மழை. ஊற்றிய கப்பு அச்சை விட்டு வரமாட்டேன் என்கிறது. துவைத்த துணியும் காயவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மூன்றாவது கலவையும் போனது. பெல்ஸ்பாரை இவ்வளவு கூட்டியும் மை ஏறுகிறது. பால் காய்ச்ச மறந்துவிட்டேன், திரிந்துபோயிற்று. எனக்குப் பசிக்கவில்லை. இவர் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அழுதேன் என்று எழுத மாட்டேன். வீட்டில் ஈர விறகுப் புகை.

பக்கத்துப் பட்டறை தில்லைக்கரசி, "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுக்கா. மூணு மாசத்துல தீத்து வச்சிடுவாரு" என்றாள். மணவாளநல்லூர்ச் சாமியிடம் பிராது என்றால் யார் மேல் என்று எழுத வேண்டும். நான் யார் மேல் எழுதுவது? பெல்ஸ்பார் மேலா?

நவம்பர் 27, வியாழன்

நான்காவது கலவை பரவாயில்லை! மை லேசான நிழலாகத்தான் நிற்கிறது. மூன்றாவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டால்க் என்கிற மாக்கல் பொடியைத் துளி சேர்த்தேன். துளிக்கு இத்தனை பலனா என்று எனக்கே ஆச்சரியம்.

இவர் நேற்று நேரங்கழித்து வந்தார். சோறு ஆறிவிட்டது. "சூளைய மெதுவா எறக்குனன்" என்றார். 1180ல் அணைத்துவிட்டு வருவதற்கு இத்தனை நேரமா? சூளைக்கு முன்னால் உட்கார்ந்து சிவக்கொழுந்துவோடு போனில் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. சூளைக்கு முன்னாலும் இரண்டு அகல் வைத்தேன். நெருப்புக்கு நெருப்பு காட்டுறியா என்று இவர் சிரித்தார். மனிதர் நல்ல மூடில் இருக்கிறார்.

ஐந்தாவது கலவையும் கிட்டே வந்துவிட்டது. ஆனால் கிளேஸ் உருகி அடிவரைக்கும் வழிந்து, கப்பு தட்டோடு ஒட்டிக்கொண்டது. உளி வைத்துத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. நான் கெட்டியாகப் பூசிவிட்டேனாம். இருபது வருஷமாக அதே கிளேஸ், அதே கை. எனக்குக் கிளேஸ் பூசத் தெரியாது என்று இன்றைக்குத்தான் இவர் கண்டுபிடித்திருக்கிறார்.

டிசம்பர் 6, சனி

ஆறாவது கலவைக்கு உட்கார்ந்து யோசித்தேன். இதுவரை தடவிக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை கணக்குப் போட்டுச் செய்கிறேன். பழைய பாடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். நாங்கள் போடுவது பொட்டாஷ் பெல்ஸ்பார். அதை விட்டுவிட்டு, அதைவிடச் சீக்கிரம் உருகுகிற சோடா பெல்ஸ்பார் போடுகிறேன். டால்க்கும் கொஞ்சம் கூட. காகிதத்தில் எப்படிப் போட்டாலும் 1180லேயே விடை வந்து நிற்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு தலைக்குள் விளக்கு எரிகிறது.

இவரிடம் சொன்னேன். "இது வந்துரும்" என்றேன். "வந்துரும் வந்துரும்" என்றார்.

டிசம்பர் 10, புதன்

கதவைத் திறந்தால் உள்ளே கப்பே இல்லை. மிதிபட்ட செருப்பு மாதிரி எல்லாம் தட்டில் படுத்துக் கிடக்கின்றன. ஆறாவது கலவை உருகி உட்கார்ந்துவிட்டது.

என்னைவிட இவர் முகம் வெளுத்துப்போயிற்று. கப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தார். "என்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று கீழே வைத்துவிட்டார். வருத்தப்படுகிறாராம். மோர்பிக்குப் போக வழி கிடைத்துவிட்டது, இவருக்கு என்ன வருத்தம்?

கணக்கை நம்பியது என் முட்டாள்தனம். உருகின கப்புகளையும் மிச்சமிருந்த கலவையையும் வாரிக் குப்பைமேட்டில் கொட்டினேன்.

டிசம்பர் 17, புதன்

வந்துவிட்டது. ஏழாவது கலவை. சோடாவை விட்டேன், டால்க்கைக் குறைத்தேன், ஐந்தாவதற்குப் பக்கத்திலேயே ஒரு எட்டு வைத்தேன். கப்பு நேராக நிற்கிறது. உடைத்து மை வைத்தேன். கழுவினால் துடைத்த பளிங்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரித்துக்கொண்டே இருந்தேன். இவர் கப்பைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா வந்திருக்கு மலரு" என்றார்.

"அப்ப மோர்பி?"

"அதான் வந்துட்டுதே. எதுக்கு மோர்பி?"

இன்றைக்கு வடை சுட்டேன். கலவையைக் கொண்டாட வேண்டாமா, அதற்காக.

டிசம்பர் 20, சனி

பாண்டிச்சேரி லூர்துநாதன் வந்தார். ஓட்டல்களுக்குப் பாத்திரம் பண்டம் எடுத்துக் கொடுப்பவர். கப்பை வெந்நீரில் போட்டார், கொண்டுவந்திருந்த மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்படியே பழைய சரக்கும்மா" என்றார். இரண்டு ஓட்டலுக்கு ஆர்டர் கொடுத்து, முன்பணமும் தந்துவிட்டுப் போனார். இவர் அவரை ஸ்டேஷன் வரைக்கும் பைக்கில் கொண்டுபோய் விட்டார். தீபாவளிக்கு வாங்கிய சட்டையை இன்றைக்குத்தான் போட்டார்.

டிசம்பர் 27, சனி

ஆர்டருக்கு ஏற்றிய இரண்டாம் சூளைச் சரக்கை இறக்கும்போதே காயில் ஒன்று அறுந்துவிட்டது. கம்பி கறுத்துப் பொடியாக உதிர்கிறது. புதுசு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்.

"எதையாவது தட்டிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பழைய சூளைதான? போவும்" என்றார்.

நெருப்போடே வாழ்ந்தேன் என்று பீற்றிக்கொள்கிற மனிதருக்கு ஒரு மின்சூளையைப் பதனமாகப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. குரங்கு கையில் பூமாலை. அதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜனவரி 3, சனி

மறுபடியும் காயில் போய்விட்டது. இந்தத் தடவை இரண்டு. புதிதாக மாற்றியதும் அதில் ஒன்று. முன்பணம் முழுவதும் கம்பிக்கே போகும்போல இருக்கிறது.

என்னோடு டிப்ளமா படித்த பூங்கோதை வருஷப் பிறப்புக்கு வந்திருந்தாள். புதுச்சேரியில் ஒரு செராமிக் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். "கோன் வைக்காமலா சூளை எரிக்கிறீங்க?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கோன் என்பது விரல் நீளத்தில் சின்னக் கூம்பு. இன்ன டிகிரிக்கு இன்ன கோன் தலை சாயும் என்று கணக்கு. மீட்டர் பொய் சொன்னாலும் கோன் சொல்லாது. அதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது, எனக்கும் தெரியும். மீட்டர் இருக்கும்போது எதற்கு வெட்டிச் செலவு என்று விட்டுவிட்டேன். அவள் கைப்பையிலிருந்து மூன்று வகைக் கோன் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 7, புதன்

நேற்று ஏற்றிய சூளையில் கப்புகளுக்கு நடுவில் மூன்று கோனையும் நட்டுவைத்தேன். 1180க்கு ஒன்று, 1200க்கு ஒன்று, 1220க்கு ஒன்று. இவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, பேச்சு வரவில்லை.

இன்று திறந்தேன். மூன்றும் உருகித் தட்டில் ஒட்டிக் கிடக்கின்றன.

மீட்டர் கெட்டுவிட்டது. பழைய சரக்கை நம்பி வாங்கினால் இதுதான் கதி.

ஜனவரி 8, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்து வேறொரு மீட்டரை வைத்துப் பார்த்தான். "அக்கா, இது கரெக்டாதான் காட்டுது. சூளையத்தான் யாரோ மேல ஏத்தியிருக்காங்க" என்றான்.

பட்டறையில் யாரோ என்று யார் இருக்கிறார்கள்?

அவன் போகிற வரைக்கும் பேசாமல் இருந்தேன். இவர் அச்சு துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைக்கு ஏத்துனீங்க?"

தலையைத் தூக்கவில்லை. "ஆயிரத்தி எரநூத்தி நாப்பது."

"எப்பலேர்ந்து?"

"நாலாவதுலேர்ந்து. நீ மூணாவத ஒடச்சிப் பாத்துட்டு சாப்புடாம சுருண்டு கெடந்த. பாக்க முடியில. மறுதடவ ஒரு அறுபது டிகிரி ஏத்திப் பாப்பமேன்னு ஏத்துனன். மை கொஞ்சமாத்தான் நின்னுது. நீ எழுந்து காப்பி போட்ட. அதுக்கப்புறம் எறக்க மனசு வரல மலரு."

"காயில் போவும்னு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பொங்கல் வரைக்கும் தாங்குனா போதும், மோர்பிக்கு வேற ஆள எடுத்துருவாங்கன்னு பாத்தன்."

பொங்கலுக்கு அப்புறம் சூளைக்கு என்ன பூஜையா என்று கேட்டேன். அச்சைத் துடைப்பதிலேயே இருந்தார்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நாலாவதிலிருந்து ஏழாவது வரைக்கும் அத்தனை கலவையும் பொய். எந்த மண் எங்கே வெந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. லூர்துநாதனுக்குப் போன் போட்டு, சரக்கு வராது என்று நான்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மாசி வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். இவரால் நான் ஊரார் முன்னால் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்குக் காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது உறைத்தது. ஆறாவது கலவை. அது 1180ல் உருகி உட்காரவில்லை. 1240ல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1180ல் வேகிற மண்ணை அறுபது டிகிரி அதிகம் எரித்தால் அது எப்படி நிற்கும்? ஆக, என் கணக்கு சரி. நான் குப்பையில் கொட்டியது நல்ல மண். வடை சுட்டுக் கொண்டாடியதுதான் 1180ல் வேகாத மண்.

கையைக் கழுவாமலே பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்.

"ஆறாவது கலவ கெடல. நீங்கதான் கெடுத்தீங்க. சரியா வந்ததக் கொன்னுட்டு, வராததுக்கு மால போட்டீங்க. சவுதிக்குப் போயி ஆறு வருஷத்த எடுத்துக்கிட்டீங்க. இங்கயே இருந்து இதையும் எடுத்துக்கிட்டீங்க."

எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லும்போதும் நன்றாகத்தான் இருந்தது.

இவர் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். பிறகு, "இன்னொரு தடவ ஆறாவதப் போட்டுப் பாப்பமா?" என்றார்.

"யாரு எரிக்கிறது? நீங்களா? ஒங்க கையில வெந்து வர்றதுல எத நான் நம்புறது?"

எழுந்து வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று சிவக்கொழுந்துவுக்குப் போன் செய்தது சன்னல் வழியாகக் கேட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கியது. இரண்டு பேரும் "பொங்கலோ பொங்கல்" சொன்னோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வார்த்தை இன்றைக்கு அது ஒன்றுதான்.

ஜனவரி 18, ஞாயிறு

இவர் கிளம்பினார். முறுக்கும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தேன். வழியில் பட்டினி கிடந்தால் நாலு பேர் என்னைத்தான் பேசுவார்கள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றார். நானும் போகவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "சூளைக் கதவு கீல் தளந்து கெடக்கு. தெறக்கும்போது பாத்து" என்றார்.

வேறு ஏதாவது சொல்வார் என்று நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

இரண்டு ஆளுக்கு உலை வைத்துவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

போய்ச் சேர்ந்துவிட்டாராம். குளிர் அதிகமாம். ரொட்டியாம். தில்லைக்கரசி சொல்லித் தெரியும். சிவக்கொழுந்துவின் மனைவி அவளுக்கு ஒன்றுவிட்ட அக்கா. எனக்கும் போன் வந்தது, சேறு கையாக இருந்ததால் எடுக்கவில்லை. அப்புறம் கை கழுவிவிட்டுக் காத்திருந்தேன், அவர் கூப்பிடவில்லை.

புதுக் காயில் மாட்டியாகிவிட்டது. கீலையும் இறுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

ஆறாவது கலவையை மறுபடி கலந்து, வடிகட்டி, ஊற்றினேன். அச்சு கனக்கிறது. முன்னெல்லாம் இவ்வளவு கனமாகத் தெரியவில்லை. வெயில் நன்றாக அடிக்கிறது, கப்பு சொன்ன பேச்சைக் கேட்டுக் காய்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

நானே எரித்தேன். மூன்று கோனும் வைத்தேன். அடுப்பையும் சமையலையும் மறந்துவிட்டு 1180 வரும்வரை மீட்டருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் தனியாக இந்த முக்காலியில் இத்தனை நேரம் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. முதுகு ஒடிகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

1180 கோன் மட்டும் தலை சாய்ந்திருக்கிறது. மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன. கப்பு ஒன்றுகூடக் கோணவில்லை. உடைத்து மை வைத்துக் கழுவினேன். போய்விட்டது. நம்பாமல் இன்னொன்றை உடைத்தேன். அதிலும் போய்விட்டது. தண்ணீரில் கொதிக்கவைத்து நிறுத்தும் பார்த்தேன். எடை ஏறவில்லை.

பட்டறையில் யாரும் இல்லை. தில்லைக்கரசி ஊருக்குப் போயிருக்கிறாள். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். பிறகு நானே போன் செய்தேன்.

"வந்துட்டுது" என்றேன்.

"எது?"

"ஆறாவது. 1180ல. மூணு கோன் வச்சன், ஒண்ணுதான் சாஞ்சிது. மை சுத்தமா நிக்கல."

அந்தப் பக்கம் இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "நெசமாவா?" என்றார்.

"நெசமாத்தான். இருங்க." கப்பைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து ஸ்பூனால் தட்டினேன். வெந்த போர்சலின் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். "கேக்குதா?"

"கேக்குது. நல்ல சத்தம்." அப்புறம் மெதுவாகக் கேட்டார். "பெரிய சூளையில அப்ப சுட்ட கப்பா மலரு?"

"இப்ப எறக்குனதுன்னு சொல்றன். சூடுகூட இன்னும் முழுசா ஆறல."

"சரி சரி. எனக்காகச் சொல்லாத. ஆறாவத நெனச்சி நான் ஒண்ணும் இங்க வருத்தப்பட்டுக்கிட்டு கெடக்கல."

"ஒங்களுக்காக நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நான் சொல்லலியா?" என்றார்.

 கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

வந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "அச்சு தூக்க ஆள் இல்ல" என்றுதான் சொன்னேன்.

"ஒத்தையில தூக்காத, இடுப்பு புடிச்சிக்கும். ஒரு ஆள வச்சிக்க. மண்ணு வந்தா வருது, வராட்டிப் போவுது. நான்தான் சம்பாதிக்கிறன் இல்ல? அடுத்த மாசம் கூடக் கொஞ்சம் அனுப்புறன்."

போட்டோ அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. கும்பிடுகிற கை ஒன்றும் போட்டிருந்தார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தினமும் சூளை. எழுத நேரமில்லை. லூர்துநாதனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் புதுக் கப்பை அனுப்பினேன். பூங்கோதையின் கூடத்திலும் கொடுத்துச் சோதித்துவிட்டார், திருப்தி என்றார். சோதனைத் தாளையும் இவருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "பூங்கோதை நல்ல பொண்ணு" என்று பதில் போட்டிருக்கிறார். அவளையும் நான் பொய்ச்சாட்சிக்கு இழுத்துவிட்டேன் என்று நினைக்கிறார்.

இதற்குமேல் எப்படி நிரூபிப்பது? அவர் நேரில் வந்து, அவர் கையால் எரித்து, அவர் கையால் உடைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கையில் வெந்ததை நம்பமாட்டேன் என்று சொல்லி அனுப்பியது நான்தான்.

மார்ச் 6, வெள்ளி

லூர்துநாதனின் வண்டி வந்து, வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஒரு கப்பைக்கூடக் கழிக்கவில்லை. அடுத்த ஆர்டர் இதைவிடப் பெரிது என்றார்.

சாயங்காலம் வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது. சொன்ன மாதிரியே இவர் கூடுதலாகப் பணம் அனுப்பியிருக்கிறார்.